புள்ளிக்கோட்டுப் பாதைகள்: திருவண்ணாமலை வட்டாரத்தில் வழியுரிமையும் வழித் திருப்பமும்

கிராமத்து நிலத் தகராறு எதுவானாலும் முதலில் கேட்கப்படும் தாள் எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்கிற புல வரைபடம். ஒரு புல எண்ணுக்கு ஒரு தாள். எல்லை முழுக்கோடாக இருக்கும். எல்லைக் கற்கள் குறிக்கப்பட்டிருக்கும். கோட்டின் மேல் நீள அளவு எழுதியிருக்கும். சில தாள்களில் இவற்றுக்கு நடுவே, ஒரு மூலையில் நுழைந்து எதிர்மூலையில் வெளியேறும் புள்ளிக்கோடு ஒன்றும் தெரியும். இரட்டையாக இருந்தால் வண்டிப்பாதை, ஒற்றையாக இருந்தால் நடைபாதை. அளவெல்லாம் எல்லைக்குத்தான், புள்ளிக்கோட்டின் மேல் பெரும்பாலும் எதுவும் எழுதப்பட்டிருக்காது. எத்தனை அடி அகலம், யார் யார் போகலாம், நெற்கட்டோடு போகலாமா, பாடையோடு போகலாமா என்பதையெல்லாம் அந்தத் தாளில் தேடிப் பயனில்லை.

பட்டா நிலத்தின் குறுக்கே போகும் பாதையை நிலத்துக்காரர் ஓரமாகத் திருப்பிவிட்டால், அந்தத் திருப்பம் நியாயமானதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இக்கட்டுரை எடுத்துக்கொள்வது இந்த ஒரு கேள்வியைத்தான். களமாகத் திருவண்ணாமலை மலையடிவார ஊர்களையும் அதைச் சுற்றிய பழைய வட ஆற்காட்டுப் பகுதியையும் எடுத்துக்கொள்கிறேன்.

இதைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக இரண்டு அணியாக நிற்பார்கள். பட்டா யார் பெயரிலோ அவர் சொன்னதே வழி என்பது ஒரு தரப்பு. பாதை, மந்தைவெளி, ஏரி எல்லாம் ஊர்ச் சொத்து, அவற்றைத் தனியார் தொடக்கூடாது என்பது மறு தரப்பு. பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரண்டாம் தரப்புக்குப் பெரிய ஊன்றுகோல். இரண்டு தரப்பும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. பாதையை இருவருமே நிலத் துண்டாகவே பார்க்கிறார்கள். நடப்பவர் இருவர் கணக்கிலும் வருவதில்லை.

மூன்று வகைப் பாதைகள்

வருவாய்த் துறைக் கணக்கின்படி கிராமப் பாதைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

தனிப் புல எண் பெற்று, அ-பதிவேட்டில் 'பாதை புறம்போக்கு' அல்லது 'வண்டிப்பாதை' என்று எழுதப்பட்டவை முதல் வகை. இவை அரசுச் சொத்து. பொதுச் சாலைகளும் தெருக்களும் சந்துகளும் பாதைகளும் அரசுக்குரியவை என்று 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இரண்டாம் பிரிவிலேயே அறிவித்துவிட்டது. இந்த வகைப் பாதையை நிலத்துக்காரர் தாமாகத் திருப்ப முடியாது. திருப்பினால் அது ஆக்கிரமிப்பு. பதிலாக நிலம் தருகிறேன் என்றால் அரசிடம் போய் நிற்க வேண்டும். ஏட்டளவில் இதில் சிக்கல் குறைவு.

இரண்டாவது வகைதான் மேலே சொன்ன புள்ளிக்கோடு. நிலம் பட்டாதாரருடையது, வரி கட்டுவதும் அவரே. ஆனால் அளவைக்கு வந்தவர் அங்கே பாதையைக் கண்டு குறித்திருக்கிறார். இந்தக் குறிப்பு உரிமையாகுமா, வெறும் சாட்சியமா என்பதில்தான் வழக்கறிஞர்கள் பிழைப்பு நடக்கிறது. அளவை நாளில் அங்கே பாதை இருந்தது என்பதற்கு வரைபடம் நல்ல சாட்சியம்தான். ஆனால் அது பொதுப்பாதையா, பக்கத்து நிலத்துக்காரர் ஒருவருக்கு விட்ட வழியா என்பதைத் தாளால் சொல்ல முடியாது.

மூன்றாவது வகை எந்தத் தாளிலும் இல்லாத பாதை. வரப்பின் மேல் புல் முளைக்காத ஒரு சாண் அகலம், முள்வேலியில் ஆள் நுழையும் கடவு, மூங்கில் படல், வாய்க்காலின் குறுக்கே போட்ட ஒற்றைக் கல் ஆகியவைதான் அதன் பதிவேடு. கொங்கு நாட்டில் இரு பக்கமும் கிளுவை வேலி நிற்கும் இட்டேரிகளைப் பார்த்தவர்களுக்கு, வட ஆற்காட்டுக் கழனிப் பாதைகள் எவ்வளவு பாதுகாப்பற்றவை என்பது உடனே விளங்கும். இட்டேரியை அடைக்க வேலியைப் பிடுங்க வேண்டும். வரப்புப் பாதையை அழிக்க ஒரு சால் உழவு அதிகமாகப் போதும். 'கட்டி உழுதுட்டாரு' என்று அதற்கு ஒரு சொல்லே உண்டு.

'வேறு வழி இருக்கிறதே'

பாதையைத் திருப்புபவர் சொல்லும் முதல் வாதம் இதுதான். வட்டாட்சியர் அலுவலகத் திண்ணை முதல் உரிமையியல் நீதிமன்றம் வரை இது செல்லுபடியாகிறது. சட்டத்தில் இந்த வாதத்துக்கு ஓர் இடத்தில் மதிப்புண்டு, இன்னோர் இடத்தில் மதிப்பே இல்லை. இரண்டையும் குழப்புவதால்தான் பல பாதைகள் போயின என்பது என் எண்ணம்.

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 13ஆம் பிரிவு தேவைவழியைப் பேசுகிறது. ஒரே நிலத்தைப் பங்கு பிரிக்கும்போதோ விற்கும்போதோ ஒரு துண்டு வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டால், மற்றத் துண்டின் மேல் நடக்கும் உரிமை தானாகப் பிறக்கும். அந்த வழி எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று காட்டும் உரிமையை 14ஆம் பிரிவு நிலத்துக்காரருக்கே தருகிறது. நடப்பவருக்கு அது ஓரளவு வசதியாக இருந்தால் போதும். தேவை தீர்ந்தால் உரிமையும் தீரும் என்கிறது 41ஆம் பிரிவு. ஆக, தேவைவழியைப் பொறுத்தவரை 'வேறு வழி இருக்கிறதே' என்பது சரியான பதில்தான்.

15ஆம் பிரிவு பேசுவது வேறு. 20 ஆண்டுகள் இடையூறின்றி, வெளிப்படையாக, அமைதியாக, உரிமை என்ற நினைப்போடு நடந்திருந்தால் அது அனுபவத்தால் வந்த உரிமை. அங்கே வேறு வழி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு வேலையே கிடையாது. பக்கத்தில் தார்ச்சாலையே வந்தாலும் அந்த உரிமை போகாது. பொதுமக்கள் பாதை என்றால் இன்னும் ஒரு படி மேல். வசதியுரிமை என்பது ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் இருப்பது. ஊரார் எல்லோரும் நடக்கும் பாதைக்கு இந்தச் சட்டத்தின் கணக்கே பொருந்தாது.

நிலத்துக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் கொல்லையை மூலைவிட்டமாக வெட்டிக்கொண்டு பாதை போனால், டிராக்டர் திரும்ப முடியாது. சொட்டுநீர்க் குழாய் போட்டால் மிதிபடும். வேர்க்கடலை ஆய்கிற நாளில் வருவோர் போவோர் கைக்கு ஒரு பிடி போகும். இவர்கள் எல்லோரும் மிராசுதாரர்கள் அல்லர். இவர்களுக்கு 22ஆம் பிரிவு ஒரு நல்ல வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நடப்பவருக்குக் குறைவு வராத பட்சத்தில், அந்த நடையை நிலத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் ஒதுக்கும்படி நிலத்துக்காரர் கேட்கலாம். கேட்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். உழுதுவிட்டுச் சொல்லச் சட்டம் சொல்லவில்லை. குறைவு வருகிறதா என்பதும் நடப்பவரை வைத்து அளக்க வேண்டியது, ஏக்கரை வைத்து அல்ல.

வலம் வரும் பாதையும் மனைப்பிரிவும்

திருவண்ணாமலையில் பாதை என்றாலே கிரிவலப் பாதைதான் நினைவுக்கு வரும். சுமார் 14 கிலோமீட்டர். செங்கம் சாலையில் கொஞ்ச தூரம் போய், வலப்பக்கம் பிரிந்து அடி அண்ணாமலை வழியாகச் சுற்றி, காஞ்சி சாலையில் ஏறி ஊருக்குள் வருகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். மலையை ஒட்டிப் புதர்களுக்கு நடுவே இன்னொரு பாதை உண்டு, உள்வழி என்பார்கள். 1896இல் ரமணர் இங்கே வந்து சேர்ந்த பிறகு அவரும் அவரைச் சார்ந்தவர்களும் நடந்த வழிகளில் அதுவும் ஒன்று. இப்போது வனத்துறை அங்கே ஆளை விடுவதில்லை. காட்டுத் தீ, மரக்கன்றுகள், வழிப்பறி என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் நியாயமும் இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று மழையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோன பிறகு, அந்த ஆண்டுத் தீபத்தன்று பக்தர்கள் மலையேறவும் விடவில்லை. யாரும் வழியுரிமை என்று கொடி பிடிக்கவில்லை. வெளிவட்டத்தில் நல்ல சாலையும் விளக்கும் குடிநீரும் இருக்கும்போது, உள்ளே இருந்து வெளியே திருப்பப்பட்டவர்களுக்கு இழப்பு அதிகமில்லை. பாதைத் திருப்பம் சச்சரவில்லாமல் நடக்கும் சூழல் இதுதான்: நடப்பவர்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள், அவர்களுக்கு மரியாதை இருக்கிறது, அரசு அவர்களுக்காகச் செலவழிக்கிறது.

அதே சாலையில் இருந்து சில நூறு அடி உள்ளே போனால் காட்சி மாறுகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் மலைக்கு மேற்கிலும் தெற்கிலும் கொல்லைகள் மனைகளாயின. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்து, அதைத் தொடர்ந்து 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகு, மனைப்பிரிவுக்குள் சாலை விட்டு அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இதனால் பொதுவுக்கு நிலம் கூடியது என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் மனைப்பிரிவுச் சாலை மனைகளுக்காகப் போடப்படுவது. சதுரம் சதுரமாகத் திரும்பி, கடைசி மனையின் சுற்றுச்சுவரில் முட்டி நிற்கும். பழைய புள்ளிக்கோடு போய்ச் சேர்ந்த ஏரிக்கரைக்கோ பின்னால் உள்ள கழனிக்கோ அது போகாது.

அப்படி ஒரு சுவரை மலைக்கு மேற்கே பார்த்தேன். ஹாலோ பிளாக், ஆறடி, மேலே கண்ணாடிச் சில்லு. சுவரின் அடியில் நாய் நுழையும் அளவுக்கு மழைத் தண்ணீர் அறுத்த ஓட்டை. இந்தப் பக்கம் நடந்து நடந்து வெளுத்த தடம் சுவரில் வந்து நின்றிருந்தது. தலையில் புல்லுக்கட்டோடு வந்த பெரியவரிடம் வழி எங்கே என்று கேட்டேன். "வழி உள்ளதான் கீது சார், நாம்பதான் சுத்தினு போறோம்" என்றார். சுற்று எவ்வளவு என்று கேட்டதற்குத் தூரத்தைச் சொல்லவில்லை. ஒரு நடைக்கு ஒரு கட்டு குறைகிறது என்றார். வருவாய்க் கணக்கில் இப்படியொரு அலகு கிடையாது.

வைக்கம் தந்த முன்மாதிரி

மாற்றுப்பாதை போட்டுத் தகராறைத் தீர்ப்பது சமரசத்தின் உச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பைச் சோதிக்க வைக்கத்தைவிட நல்ல இடம் இல்லை. பெரியாரின் சிறைவாசத்தால் தமிழர்களுக்கு அது நன்கு தெரிந்த போராட்டம். ஆனால் அது எப்படி முடிந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய சத்தியாகிரகம் 1925 நவம்பரில் நிறுத்தப்பட்டது. கோயிலைச் சுற்றிய சாலைகளில் வடக்கும் தெற்கும் மேற்கும் எல்லோருக்கும் திறந்தன. கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. அதைத் தொடாமல் போக அரசு மாற்றுச் சாலை அமைத்துக் கொடுத்தது. முழுத் தீர்வுக்கு 1936இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைய நிலையில் அது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனாலும் நடக்கும் உரிமை கேட்டவர்களுக்குச் சுற்றிப் போகும் வசதியைக் கொடுத்து முடிக்கலாம் என்ற நிர்வாக உத்தி அங்கே அச்சேறிவிட்டது.

இதே 1924இல் ஆகஸ்ட் மாதம் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கத் தடையில்லை என்பது அதன் சாரம். சாலை, தெரு என்பதோடு நிற்காமல் பாதையையும் அதில் சேர்த்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பிறகு தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் கூறு வந்தது. மயானத்துக்கும் பாதைக்கும் தடை செய்வதைக் குற்றமாக்கிய 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் வழக்காறான வழியை மறுப்பதைக் குற்றமாக்கிய 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், தலித் ஒருவரின் சடலத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள். ஆற்றோர மயானத்துக்குப் போகும் வழி தனியார் நிலங்களுக்குள் வருகிறது, அங்கே விட மறுக்கிறார்கள் என்பது குடியிருப்பினரின் குறை. காணொளி பரவியதும் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நிர்வாகத்தின் விடையோ, வேறோர் இடத்தில் தனி மயான நிலம் ஒதுக்குவது. இது பாதைத் திருப்பத்தின் இன்னொரு வடிவம்: வழியைத் திருப்புவதற்குப் பதில், போய்ச் சேரும் இடத்தையே திருப்பிவிடுவது.

திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே, கலசப்பாக்கம் வட்டம் வீரளூரில் நடந்தது இதற்கு நேர்த் தலைகீழ். அங்கே அருந்ததியர்கள் கேட்டது தனியார் நிலத்தில் வழி அல்ல. ஊரின் பொதுச் சாலை வழியாகச் சடலத்தைக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அதுவரை அந்தச் சாலையை விட்டுக் கழனிப் பக்கமாகவே போயிருக்கிறார்கள். 2022 ஜனவரி 16 அன்று கும்பலாக வந்து அவர்கள் குடியிருப்பைத் தாக்கினார்கள். வீடுகளும் வண்டிகளும் சேதமாயின. இரட்டைமலை சீனிவாசன் தீர்மானத்துக்கு நூறாண்டு நிறைய இரண்டரை ஆண்டு பாக்கி.

நாராயணபுரத்தையும் வீரளூரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உடைமைவாதமும் பொதுநிலவாதமும் சேர்ந்தே ஆட்டம் காண்கின்றன. ஓரிடத்தில் 'இது தனியார் நிலம், வெளியே போ' என்கிறார்கள். இன்னோர் இடத்தில் 'இது ஊர்ச் சாலை, கழனி வழியாகப் போ' என்கிறார்கள். நிலம் யாருடையது என்பது இரண்டிலும் சாக்கு. இங்கே நகர்வது பாதை அல்ல, ஆட்கள் நகர்த்தப்படுகிறார்கள். கோப்பில் மட்டும் இரண்டுக்கும் ஒரே தலைப்பு, 'பாதைப் பிரச்சினை'.

கடைசிச் சாவுக்கு எந்த வழி?

இத்தகைய தகராறுகள் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ வருகின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. நிலத்தையோ நீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறில் அமைதி கெடும் என்றால், நிர்வாக நடுவர் விசாரித்துத் தற்காலிக உத்தரவு போடலாம். இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஆண்டு முழுதும் பயன்படும் உரிமை என்றால், புகாருக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். குறிப்பிட்ட சமயங்களில் மட்டும் பயன்படுவது என்றால், அப்படிப்பட்ட கடைசிச் சமயத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

மயானப் பாதைக்கு இதன் பொருள் என்ன? அதில் தினமும் யாரும் நடப்பதில்லை. காலனியில் ஒரு சாவு விழுந்தால்தான் அந்தப் பாதை பாதையாகிறது. ஆகவே அதிகாரி முன் நிற்கும் கேள்வி இப்படித்தான் வடிவெடுக்கிறது: கடைசிச் சாவுக்கு எந்த வழியாகப் போனீர்கள்? வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு, காவல்துறை வாகனம் தெருமுனையில் நிற்க, 'இந்த ஒருமுறை மட்டும் வாய்க்கால் ஓரமாகப் போய்விடுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்' என்று சொன்னதைக் கேட்டவர்கள், அந்த ஒரே நடையில் கடைசிச் சமயத்தை எதிர்த்தரப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. தொடர்ந்து 20 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால்தான் வசதியுரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி அந்த உரிமை அழியும். ஆனால் அடுத்த பிணம் உரிமையியல் வழக்கு முடியும்வரை காத்திருக்காது.

ஒப்பீட்டுக்கு இங்கிலாந்தைச் சொல்வார்கள். அங்கே 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதைகளுக்கென்றே தனி வரைபடம் உண்டு. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 119ஆம் பிரிவின்படி நிலத்துக்காரர் பாதையைத் திருப்பக் கேட்கலாம். புதுவழி பொதுமக்களுக்குக் கணிசமாக வசதி குறைந்ததாக இருக்கக் கூடாது. எதிர்ப்புச் சொல்ல 28 நாள் அவகாசம் தர வேண்டும். அறிவிப்பைப் பாதையின் இரு முனையிலும் ஒட்ட வேண்டும். அதைக் கொண்டாட வேண்டியதில்லை. வரைபடத்தில் ஏறாத பழைய பாதைகள் 2026உடன் அழிந்துவிடும் என்று 2000இல் சட்டம் போட்டவர்களும் அவர்களே. பிறகு அந்தக் கெடுவை 2031க்குத் தள்ளி, 2024 கடைசியில் அதை நீக்கவே போவதாகச் சொன்னார்கள். பதிவேடு பாதையைக் காப்பாற்றும், பதிவேட்டில் இல்லாததைக் கொல்லவும் செய்யும். நம் புள்ளிக்கோடுகளுக்கும் இது பொருந்தும்.

எனினும் இரு முனையிலும் ஒட்டப்படும் அந்தத் தாள் என்னை விடவில்லை. இங்கே பாதைத் திருப்பம் பேசி முடிக்கப்படும் இடம் வட்டாட்சியர் அலுவலகம். கையெழுத்துப் போடுபவர்கள் அங்கே வர நேரமும் பேருந்துக் காசும் உள்ளவர்கள். மயானப் பாதைக்கு ஒரு முனை காலனி, மறுமுனை மயானம். இரண்டாவது முனையில் தாள் ஒட்டினால் படிக்க ஆளில்லை என்று சிரிக்கலாம். ஆனால் முதல் முனையில் ஒட்டியிருந்தால், 'இந்த ஒருமுறை' என்று சொல்லப்பட்டது கூட்டக் குறிப்பேட்டில் எப்படி எழுதப்பட்டது என்பதை, அடுத்த சாவுக்கு முன்பே யாராவது ஒருவர் படித்திருப்பார். பெரும்பாலும் அது 'மாற்றுப்பாதையைப் பயன்படுத்த இரு தரப்பும் ஒப்புக்கொண்டனர்' என்ற ஒற்றை வரியாக இருக்கும்.

அந்த மாற்றுப்பாதையைப் பார்க்கச் சித்திரையில் போனால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. வாய்க்கால் காய்ந்து, கரை கெட்டித்து, நாலு பேர் தோள் கொடுத்துப் போக இடமிருக்கும். நில அளவரும் கிராம நிர்வாக அலுவலரும் பார்வையிட்டு, போக்குவரத்துக்கு ஏற்றது என்று எழுதுவது பெரும்பாலும் அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் போகும்போது அதே கரையில் முழங்கால் அளவு சேறு. தூக்கிப் போகிறவர்களில் முன்னால் உள்ள இருவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. பின்னால் உள்ளவர்கள் அவர்கள் காலடியைப் பார்த்து வைப்பார்கள்.